பிடிபட்டவரின் முறை

ஜூன் 11, செவ்வாய்

நேற்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறார்கள். இனி பிரசவம் வரைக்கும் படுக்கைதான். பாத்ரூமுக்கு எழுந்து போகலாம், சாப்பிட உட்காரலாம். படி ஏறுவது, சமையல், குனிந்து நிமிர்வது எதுவும் கூடாது. டாக்டர் சொல்லிக்கொண்டே பழைய ஃபைலைப் புரட்டினார். நான் ஜன்னல் வழியாகக் கீழே நின்ற பைக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்மேகம் உசிலம்பட்டிக்குப் போன் போட்டு அவர் அம்மாவை வரச் சொல்லிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேறு வழி இல்லை. அவருக்கு ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுதுபார்க்கிற வேலை; வாரத்தில் பாதி நாள் வெளியூர். எனக்கு அம்மா இல்லை.

அத்தை வருவதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

படுத்துக்கொண்டு வீட்டுப் பிளான் வரைய முடியாது என்பதால் ஆபீசுக்கு லீவு சொல்லியாகிவிட்டது. கை சும்மா இருக்க வேண்டாமென்று இதை எழுதுகிறேன்.

ஜூன் 13, வியாழன்

அத்தை வந்துவிட்டார். கட்டைப்பை நிறைய முருங்கைக்கீரை. செருப்பைக் கழற்றியதும் நேராக வந்து கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"கூட்டி எம்புட்டு நாளாச்சு?"

"என்னையக் குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அத்தை."

"ஒன்னையா கூட்டச் சொன்னேன்?" என்று விளக்குமாற்றைத் தேடிப் போனார்.

மதியம் ஹாலில் டிவி ஓடியது. சீரியல் என்று நினைத்தேன். மல்யுத்தம். "அமுக்குடா அவன... அட, கால விட்டுட்டானே கூறுகெட்டவன்" என்று அத்தை கத்துகிற கத்தலில் தூங்க முடியவில்லை. தினமும் இரண்டு மணிக்குப் பார்ப்பாராம். கல்யாணமாகி ஆறு வருடத்தில் எனக்கு இது தெரியாது.

மற்றபடி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு வருடமாகவே அப்படித்தான்.

ஜூன் 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் ரஃபீக், மெர்லின் என்று நண்பர்கள் கூடி ஒரு கதை விளையாட்டு; ஆளுக்கொரு கற்பனை வீரன், கதையும் பூதங்களும் என் பொறுப்பு. ரஃபீக்கின் கண்ணாடிக் கடை மாடியில் நாலு வருடமாக நடக்கிறது. இன்று இல்லை. ரஃபீக் போன் செய்தான்.

"வாணி, அன்னைக்கு நான் கத்துனேன்ல. அதனால எதுவும் ஆயிருச்சா?"

"போடா. அதுக்கும் இதுக்கும் என்ன?"

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு நடந்த சண்டையைச் சொல்கிறான். அவனுடைய வில்லாளி சேந்தனை தண்ணீருக்குள் கிடக்கிற மடுப்பூதம் வளைத்துப் பிடித்துவிட்டது. பிடியில் இருந்தபடியே அம்பு விடுவேன் என்றான். முடியாது, வில்லுக்கு இரண்டு கையும் வேண்டும் என்றேன். மெர்லின் விதிப் புத்தகத்தை எடுத்து வாசித்தாள்: பிடிபட்டவர் இடம் விட்டு நகர முடியாது. அவ்வளவுதான் போட்டிருக்கிறது. "கையக் கட்டிப் போட்டதா எங்கயும் போடலயே?" என்றாள். கெமிஸ்ட்ரி டீச்சர் அவள். எழுத்தில் இல்லாததை ஒத்துக்கொள்ள மாட்டாள். ஒரு மணி நேரம் போனது. யாரும் யாரிடமும் போய்வருகிறேன் என்றுகூடச் சரியாகச் சொல்லாமல் கிளம்பினோம்.

ஆக, சேந்தன் இன்னும் பூதத்தின் பிடியில் இருக்கிறான். நான் கட்டிலில் இருக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

வந்துவிட்டார்கள்! படுக்கையறையிலேயே விளையாடினோம். கட்டிலுக்குப் பக்கத்தில் டீப்பாயைப் போட்டு, வரைபடத்தை விரித்து, நான் ஒருக்களித்துப் படுத்தபடி. என் பக்கம் அட்டைத் தடுப்பு. அதற்குப் பின்னால் நான் உருட்டுகிற பகடை அவர்களுக்குத் தெரியாது.

அத்தை எனக்குத் தலையணையைச் சரிசெய்ய வந்தவர் அப்படியே தலைமாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இது என்னத்தா, தாயமா?"

"இல்ல அத்தை. ஆளுக்கு ஒரு கற்பனை ஆளு. ரஃபீக் வில்லாளி. மெர்லின் ஒரு திருடி, ஊமத்தைன்னு பேரு. நான் கதையச் சொல்லுவேன். பேய் பூதம் எல்லாம் நான்தான். அவங்க என்ன செய்யிறாங்கன்னு அவங்க சொல்லுவாங்க. அது நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும். இந்தாங்க, இருபது மொகம் இருக்கு பாருங்க. பெரிய நம்பர் விழுந்தா நல்லது."

"ஜெயிக்கிறது யாரு?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க."

"அப்பறம் என்னத்துக்கு?"

ரஃபீக் சிரித்துவிட்டான். பிறகு சேந்தனின் நிலைமையை அத்தைக்கு விளக்கினான். பூதம் பிடித்திருக்கிறது, தன் முறை வரும்போது ஒரே ஒரு தடவை உதறிப் பார்க்கலாம்.

"சரி, பிடிச்சிருக்கே பூதம், அது என்ன செய்யும்?"

"அது ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. பிடிச்சா பிடிச்சதுதான்."

"அதெப்பிடி?" அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு ஆளப் பிடிச்சு வச்சிருக்கது சும்மாவா? பிடிச்சவனுக்குத்தான் மொதல்ல கை விட்டுப் போகும். டிவில பாக்குறதில்லையா நீங்க?"

மெர்லின் என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

அதற்குள் சேந்தனுக்குப் பதினேழு விழுந்தது. உதறிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டான். அம்புப் பிரச்சினை தீராமலே முடிந்தது. ஆனால் மடுவைத் தாண்டித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். பூதம் உள்ளே காத்திருக்கிறது.

ஜூன் 25, செவ்வாய்

சாப்பாட்டுக்கு முருங்கைக்கீரை. நேற்றும் அதுதான்.

மல்லுக்கட்டு விதிகளைத் திருத்தி எழுதினேன். பிடிபட்டவர் சிறிய ஆயுதத்தால் குத்தலாம். வில்லும் ஈட்டியும் கூடாது. பிடித்திருப்பவரும் தன் முறை வரும்போதெல்லாம் உருட்ட வேண்டும். எட்டுக்குக் கீழே விழுந்தால் பிடி தானாக நழுவும். அத்தை சொன்னது நியாயம்தான். ஆள் தப்பிக்க இன்னொரு வழி கிடைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஜூன் 30, ஞாயிறு

எங்கள் கூட்டத்தில் மூன்றாவது ஆளாக இருந்தவன் போன மாதமே பெங்களூர் போய்விட்டான். அவன் இடத்தில் அத்தை! நான் கேட்கவில்லை. மெர்லின்தான் கேட்டாள். "மல்லுக்கு நிக்கிற ஆளா இருந்தா வாரேன்" என்றாராம்.

அத்தையின் ஆளுக்குப் பெயர் அங்காயி. ஆறடி உயரம், கழுத்தே கிடையாது, தொடை ஆட்டுரல் மாதிரி. எல்லாம் அத்தை சொன்னது. ஆயுதம் வேண்டாமாம். "கை இருக்குல்ல."

முதல் சண்டையிலேயே இரண்டு கொள்ளைக்காரர்களைக் கக்கத்துக்கு ஒருவராக இடுக்கிக்கொண்டு மலையடிவாரம் வரை நடந்தார். விதிப்படி ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் பாதி வேகம்தான். "பாதி வேகம்னா என்ன, எனக்கென்ன பஸ்ஸா போகுது?"

ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தேன். உடனே பயந்துபோய் நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 5, வெள்ளி

கார்மேகம் ஒரு சின்னச் சட்டை வாங்கி வந்தார். மஞ்சள் கலர். பீரோவில் வைக்க வேண்டாம், கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் பையோடு எடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை 14, ஞாயிறு

மடுவைக் கடக்க முதல் முயற்சி. பூதம் மறுபடி சேந்தனைப் பிடித்தது. நான் உருட்டிய பகடை தடுப்பைத் தாண்டி டீப்பாயில் போய் விழுந்துவிட்டது. இருபது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மறைக்கவும் வழியில்லை. சேந்தனின் இடது கை ஒடிந்தது. இனி அவன் வில் பிடிக்க நாளாகும். ரஃபீக், "பரவால்ல, விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும்" என்றான். மூன்று பேரும் பின்வாங்கிக் கரையேறினார்கள்.

ஜூலை 16, செவ்வாய்

காலையில் ரத்தம் பட்டிருந்தது.

ஜூலை 17, புதன்

அட்மிட் செய்திருக்கிறார்கள். எழுத முடியவில்லை.

ஜூலை 20, சனி

வீடு. ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது. தையல் கெட்டியாக இருக்கிறதாம். இப்படிக் கொஞ்சம் படுவது சகஜம், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். பயப்படவில்லை என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாளும் அத்தை பெஞ்சில்தான் இருந்தார். மல்யுத்தம் பார்க்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

விளையாடினோம். அட்டைத் தடுப்பை இன்னும் கொஞ்சம் உயரமாக்கிக்கொண்டேன். இன்று எல்லோருக்கும் நல்ல நேரம். பூதத்துக்கு ஒன்றுமே சரியாக விழவில்லை. ஊமத்தையைப் பிடிக்கப் பார்த்தது, முடியவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்றும் நல்ல நேரம். சேந்தனுக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று. மந்திரத் தைலம். விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு தைலம் கிடையாது, நான்தான் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பூதம் அங்காயியைக் காலைப் பிடித்து இழுத்தது. உடனே விட்டுவிட்டது.

"உன் பூதத்துக்கு என்ன, வாதமா?" என்றாள் மெர்லின். "மூணு வாரமா ஒருத்தர் மேலயும் ஒரு கீறல் விழல. பகடை உருள்ற சத்தம் மட்டும் கேக்குது."

"அதிர்ஷ்டம்" என்றேன்.

ரஃபீக் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான். கிளம்பும்போது, "வாணி, ஒனக்கு முடியலன்னா கொஞ்ச நாள் நிறுத்திக்கலாம். யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்" என்றான். வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இரண்டு மணி ஆகியும் டிவி சத்தம் கேட்கவில்லை. அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாதம் வீங்கியிருக்கிறது. கொஞ்ச நேரம் நீவினார்.

"ஞாயித்துக்கிழம பதினெட்டு விழுந்துச்சு" என்றார்.

காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"நீ ஆறுன்னு சொன்ன. அதுக்கு முந்தின வாரமும் பாத்தேன். நான் ஒந் தலமாட்டுலதான உக்காந்திருக்கேன்? எனக்குத் தெரியாமலா போகும்?"

"விளையாட்டுதான அத்தை. யாரும் சாக வேணாம்னு பாத்தேன்."

"அந்தப் பிள்ளைக ரெண்டும் அம்புட்டுத் தூரத்துல இருந்து வருதுக. ரூலு ரூலுன்னு நீயே எழுதுற, நீயே மாத்திச் சொல்ற. எதுக்கு?"

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய்க்கு வந்துவிட்டது. "ரஃபீக்குக்குக் கை ஒடிஞ்சுச்சுல்ல. அன்னைக்கு நான் ஒண்ணும் மாத்தல. ரெண்டு நாள்ல எனக்கு..."

அத்தையின் கை நின்றது. பிறகு மறுபடியும் நீவ ஆரம்பித்தது.

"அடி கிறுக்கச்சி" என்றார். "அப்பிடிப் பாத்தா நான் தெனம் ரெண்டு மணிக்கு நாலு பேரு மண்ட ஒடையறதப் பாக்குறேன். இந்நேரம் இந்தத் தெருவே சுடுகாடாப் போயிருக்கணும்ல?"

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"மொதத் தடவ கலைஞ்சப்பவும் சரி, ரெண்டாந் தடவையும் சரி, நீ ஒண்ணும் பண்ணல. எம் மகனும் பண்ணல. போச்சு. அம்புட்டுத்தான். அதுக்கு ஏன் எதுக்குன்னு ஒண்ணும் கெடையாது வாணி."

"நீங்க அன்னைக்கு ஒரு வார்த்த பேசலையே அத்தை. ரெண்டாவது தடவ. ஆஸ்பத்திரில இருந்து வந்தோம், நான் படுத்திருந்தேன். நீங்க பாட்டுக்கு வீட்டுல இருக்க ஜன்னல் ஸ்கிரீனெல்லாம் கழட்டித் துவைச்சீங்க. எம்மேல கோவம்னு நெனச்சேன்."

"கோவமா?" அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ படுத்துக் கெடக்குற. ஒனக்கு முன்னால நான் அழுகலாமா? கொழாயத் தொறந்துவிட்டு உக்காந்தா ஒருத்தருக்கும் கேக்காது. அதுக்குத்தான் தொவச்சேன். அழுக்கே இல்ல அதுல."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அத்தை எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் முதுகில் வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் அட்டைத் தடுப்பை மடித்துக் கட்டிலுக்குக் கீழே போடச் சொன்னேன். இனி எல்லாப் பகடையும் டீப்பாயின் மேல்தான் என்றேன். மெர்லின் ஏன் என்று கேட்கவில்லை. ரஃபீக், "அப்ப இன்னைக்குச் சாவுதான்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். யாரும் பதறவில்லை. நானும்.

மடுவைத் தெப்பத்தில் கடந்தார்கள். பாதித் தண்ணீரில் பூதம் எழுந்தது. உருட்டினேன். பதினாறு. அங்காயியின் இடுப்பை வளைத்துப் பிடித்துவிட்டது.

"உதறுறீங்களா அத்தை?"

அத்தை பகடையை உள்ளங்கையில் வைத்து யோசித்தார். "அது என்னையப் பிடிச்சிருக்கு. நான் அதப் பிடிச்சா என்ன?"

"அதுதான் உங்களப் பிடிச்சிருக்கே அம்மா" என்றான் ரஃபீக்.

"அதான் சொல்றேன். கட்டிப் பிடிச்சா ரெண்டு பேருக்கும்தான பிடி? நான் விடலன்னா அது எப்பிடிப் போகும்? இவன் நிதானமா அம்பு விடலாம்ல."

மெர்லின் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "பிடிபட்டவர் திருப்பிப் பிடிக்கலாமான்னு எதுவுமே போடல. கூடாதுன்னும் போடல." புத்தகத்தை மூடி வைத்தாள். "நடத்துறவ நீதான். நீ சொல்லு."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அங்காயி ஒரு தடவை உதறுவாள், எப்படியும் அடுத்தடுத்த முறையில் பிடி நழுவும், பூதம் தண்ணீருக்குள் போய்விடும், மூன்று பேரும் உயிரோடு கரையில் நிற்பார்கள். இத்தனை வாரமாக நான் செய்துகொண்டிருந்தது அதுதான். ஆனால் அத்தை கேட்டது நியாயமான கேள்வி. நியாயமான பதில் எனக்குத் தெரியும்.

"பிடிக்கலாம்" என்றேன். "ஆனா பூதம் முங்கினா நீங்களும் சேர்ந்து முங்குவீங்க. மூச்சுக்குத் தனியா உருட்டணும்."

"சரி."

அத்தை உருட்டினார். பத்தொன்பது. பூதத்துக்கு ஏழு. அங்காயி கட்டிப் பிடித்துவிட்டாள். பூதம் முங்கியது. சேந்தன் விட்ட அம்பு அதன் தோளில் பாய்ந்தது. ஊமத்தை தெப்பத்திலிருந்து குதித்து அதன் முதுகில் கத்தியை இறக்கினாள்.

"மூச்சு முட்டுது. விடுறீங்களா அத்தை?"

"விடல."

பகடை பதினொன்று. தாங்கிக்கொண்டாள். பூதம் இன்னும் ஆழத்துக்கு இழுத்தது. ரஃபீக்கின் அம்பு தவறியது. மெர்லின் பகடையைக் கீழே போட்டுத் தேடி எடுத்தாள்.

"விடுறீங்களா?"

"கேட்டுக்கிட்டே இருக்காத. விடல."

உருட்டினார். பகடை டீப்பாயில் சுற்றி, வரைபடத்தின் ஓரத்தில் மோதி நின்றது. இரண்டு.

இரண்டு என்பதை எல்லோரும் பார்த்தோம். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"அங்காயி செத்துட்டா" என்றேன். "கை மட்டும் இன்னும் பிடியை விடல. இறுகிப்போய் அப்பிடியே இருக்கு. பூதத்தால மேலயும் வர முடியல, கீழயும் போக முடியல. ரஃபீக், ஒன் முறை."

ரஃபீக் இரண்டு கையாலும் பகடையைக் குலுக்கினான். பதினெட்டு. அம்பு பூதத்தின் கண்ணில் இறங்கியது.

கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். மெர்லின் அத்தையைக் கட்டிக்கொண்டாள். ரஃபீக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மாட்டிக்கொண்டு மறுபடி கழற்றினான்.

"அப்ப நான் செத்துட்டனா?" என்றார் அத்தை.

"ஆமா அத்தை."

"அதுவும் செத்துச்சுல்ல?"

"செத்துச்சு."

"அப்பச் சரி. காப்பி யாருக்கெல்லாம் வேணும்?"

அடுப்படிக்குப் போனவர் பாதியில் திரும்பி வந்து கதவருகே நின்றார். "எனக்கு வேற ஆளு குடு. இந்த வாட்டி பறக்குற மாதிரி ஒண்ணு."

எல்லோரும் போன பிறகு வயிற்றில் கை வைத்துப் படுத்திருந்தேன். ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன் என்பதை இங்கே ஒளிக்க வேண்டாம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு உதை. அப்புறம் இன்னொன்று, விலாப் பக்கம், நல்ல பலமாக.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒன்றும் ஆகவில்லை. துணி சுத்தமாக இருக்கிறது. காலையில் தோசை, தேங்காய்ச் சட்னி. மதியம் அத்தையோடு மல்யுத்தம் பார்த்தேன். கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டிருக்கிறார்கள். சிவப்பு டவுசர்காரன் மோசடிப் பேர்வழி.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஸ்கேன். வளர்ச்சி நன்றாக இருக்கிறது. தலை கீழே திரும்பிவிட்டது. டாக்டர் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். இந்தத் தடவை பார்த்தேன். மூக்கு கார்மேகத்தினுடையது. பாவம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அத்தையின் புது ஆளுக்கு இறக்கை இருக்கிறது. பறந்துபோய் ஆளைத் தூக்கி மேலேயிருந்து போடலாமா, பிடித்தபடி பறந்தால் பாதி வேகமா முழு வேகமா என்று முக்கால் மணி நேரம் சண்டை. மெர்லினும் அத்தையும் ஒரு கட்சி. நான் தோற்றுப்போனேன்.

செப்டம்பர் 19, வியாழன்

இடுப்பு வலி. பொய் வலி என்றார்கள். கார்மேகம் திண்டுக்கல்லிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வந்தவரை மூன்று பேருக்கும் புரோட்டா வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன்.

இரவு அவரிடம், குழந்தைக்குத் துணி எடுக்க வேண்டும், நாளைக்கே போய் வாங்கி வாருங்கள், நாப்கின், குல்லா, எல்லாம் என்றேன். அவர் தட்டை அப்படியே கீழே வைத்தார். "எம்புட்டு எடுக்கட்டும்?" என்றார். நிறைய என்றேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

தையலைப் பிரித்துவிட்டார்கள். "இனிமே எப்ப வந்தாலும் வரட்டும்" என்றார் டாக்டர். நடக்கலாமாம்! தெருமுனை வரை நானும் அத்தையும் நடந்தோம். கால் பஞ்சு மாதிரி இருந்தது. பெட்டிக்கடையில் சோடா குடித்தோம். கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்து, "ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்றார். "இங்கனதான் இருந்தா, மல்லுக்கட்டிக்கிட்டு" என்றார் அத்தை.

அக்டோபர் 5, சனி

வலி. இது நிஜம். பை தயாராக இருக்கிறது. அத்தை ஆட்டோவைக் கூப்பிடப் போயிருக்கிறார்.

அக்டோபர் 6, ஞாயிறு

விடிகாலையில் பிறந்தாள். பெண். சுகப்பிரசவம். இரண்டரைக் கிலோவுக்கு மேல். பிறந்ததும் அவள் போட்ட சத்தத்தில் நர்சம்மா, "அடேங்கப்பா, இவ ஒருத்தி போதும் வார்டுக்கு" என்றார்.

கார்மேகம் அவளை வாங்கிக்கொள்ளப் பயந்து இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அத்தைதான் வாங்கினார். வாங்கியவர் சத்தத்தை மறைக்க எந்தக் குழாயையும் தேடவில்லை. வார்டே பார்க்க அழுதார். எதிர்க்கட்டிலில் இருந்த பெண் பதறிப்போய், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலத்தா" என்றார் அத்தை. "ஒண்ணுமே ஆகல."

அக்டோபர் 7, திங்கள்

அத்தை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். வாய் திறந்திருக்கிறது. குறட்டை. தொட்டிலில் இருப்பவள் அதற்கெல்லாம் அசையவில்லை. வெயில் தரையில் பாதி தூரம் வந்துவிட்டது.

நர்சம்மா வந்து பிரஷர் பார்த்தார். எங்காவது வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா, காய்ச்சல் மாதிரி இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். வேறு என்ன செய்கிறது என்றார்.

பசிக்கிறது என்றேன்.

கேன்டீனிலிருந்து இட்லி வந்தது. சாம்பார் ஆறிப்போயிருந்தது. உட்கார்ந்து, நிதானமாக, இலையில் ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்றேன். சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த கார்மேகத்தை எழுப்பி, இன்னும் இரண்டு வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.